பதின்மூன்றரை அங்குலம்

வல்லக்கோட்டைக்கு முந்தின முனையில் அப்போது நிழல் என்று இருந்தது ஒரு மின்கம்பத்தினுடையது மட்டும்தான். மத்தியான ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தக் கம்பத்து நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். மே மாதத்தில் அது ஏழு பேரைத் தாங்கும், எட்டாவது ஆள் ஒல்லியாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்பார் யாக்கோபு. ஒரு தடவை நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்து, எல்லோரும் நடந்தே ஒரகடம் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பஸ்ஸைக் காலியாக ஓட்டிவந்ததற்கு டிரைவருக்கு மெமோ கொடுத்தார்களாம். முப்பது வருடம் சாலைப் பணியாளராகத் தாரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதர். வாயைத் திறந்தால் புளுகுதான்.

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த வரிசையில் நிழல் எட்டாத கடைசி ஆள் அவர் மனைவி கிளியம்மாள். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் தரை துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். நாலரை அடி உயரம். இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. தரையில் குந்தினால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதால் பஸ் வரும்வரை நின்றே இருப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் யாக்கோபு பன்னிரண்டு நாள் எதிர்ப்பக்கத்து சோடாக்கடையில் உட்கார்ந்து அந்த முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் எங்கே ஒதுங்குகிறார்கள், வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது, லாரிப் புழுதி யார் முகத்தில் அடிக்கிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச்சுக்குப் போய்வந்த அசதியில் கிளியம்மாள் தூங்கும்போது, சணல் கயிறு ஒன்றை அவள் குதிகாலில் வைத்து முழங்கால் மடிப்புவரை பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். பதின்மூன்றரை அங்குலம்.

கம்பெனிகள் வாங்கிய நிலங்களில் வேலிக்கற்களைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். அவற்றைக் கொண்டுவந்து மும்மூன்றாகப் படுக்கவைத்து, பஸ் வரும் திசை தெரியும்படியும் புழுதி முதுகில் அடிக்கும்படியும் கொஞ்சம் திருப்பி வைத்து இருக்கைகளாகக் கட்டினார். கூரைக்குக் காற்றில் விழுந்துகிடந்த சிமெண்ட் விளம்பரத் தகடு. தலைகீழாக மாட்டிவிட்டதால் உட்கார்ந்தவர்கள் அண்ணாந்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள்.

முதல் நாள் கிளியம்மாள் கடைசிக் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"கயிறு வச்சி அளந்தியா?"

"யாரு, நானா?"

"அல்லாரும் முட்டி மோவாயில இடிக்க குந்திகினு கீறானுங்க. எனக்கு மட்டும் தச்சாமாரி கீது. நான் குள்ளச்சின்னு போர்டு மாட்டிட்டியே."

"எவன் கேக்கப் போறான்?"

"கேப்பானுங்க. எனக்காவன்னு எவங்கிட்டனா சொன்னே, ஆண்டவர் சத்தியமா நான் அப்பால வெயில்லயே நின்னுக்குவேன்."

சொல்லமாட்டேன் என்று யாக்கோபு வாக்குக் கொடுத்தார். அவர் கொடுத்த வாக்குகளில் காப்பாற்ற நினைத்தது அது ஒன்றுதான்.

மறுவாரமே கேள்வி வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஆறு பேரோடு ஒரே ரூமில் தங்கியிருந்த மாரிமுத்து கேட்டான்.

"என்ன தாத்தா இது, கோழி அடைகாக்கக் கட்டுனதா? முட்டி காதுல இடிக்கி."

"கட்டும்போது பதினெட்டு இஞ்சுப்பா. ஒரகடத்துல இத்தினி கம்பெனி வந்து குந்திச்சா, அந்தப் பக்கம் பூமி அழுந்திப்போச்சி. இந்தப் பக்கம் மேல வந்துகினு கீது. கல்லு வச்ச எடத்துலதான் கீது."

"அப்ப அடுத்த வருசம்?"

"படுத்துக்கலாம்."

கடைசிக் கல்லில் கிளியம்மாள் சிரிப்பு தெரியாமலிருக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரோ போல ரோட்டைப் பார்த்தாள்.

ஒன்றரை வருடம் அந்த இடம் அவளுடையதாக இருந்தது. பிறகு மஞ்சள் காமாலை வந்தது. பதினேழு நாள். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாளும் யாக்கோபு பஸ் நேரத்துக்கு முனைக்கு வந்தார். கடைசிக் கல்லில் துண்டைப் போட்டு வைத்தார். பஸ்ஸில் சீட்டு பிடிக்கிறவர்கள் ஜன்னல் வழியாகப் போடுவார்களே, அப்படி. பஸ் வந்து போனதும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். தினமும் அப்படித்தான்.

கான்ட்ராக்ட் பையன்களைப் பதினோரு மாதத்தில் அனுப்பிவிட்டு வேறு ஆட்களை எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாரிமுத்து ஊருக்குப் போனான். கிளியம்மாளைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பூமி மேலே வரும் கதை மட்டும் புது ஆட்களுக்குக் கைமாறியது. அப்படி வந்தவன்தான் இசக்கிபாண்டி.

"யாருக்கு தாத்தா சீட்டு?"

"பொஞ்சாதிக்கு. ஓ.டி. பாத்துகினு கீறா."

"எத்தன நாளா?"

"ஒரு வருசம் ஆவுது. அவ இல்லாங்காட்டி கம்பெனி ஓடாதாம், வுடமாட்றாங்க."

பையன்கள் சிரித்தார்கள். தாத்தாவுக்குப் பெண்டாட்டியே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கான்ட்ராக்ட் எஞ்சினியர் ரகு டேப்பும் வரைபடமும் கையுமாக வந்து நின்றார். கல்லெல்லாம் போகும், புது நிழற்குடை வரும், ஸ்டீல் இருக்கை வரும் என்றார்.

"வரட்டும் சார்," என்றார் யாக்கோபு. "கடைசி சீட்டு ஒண்ணு மட்டும் பதிமூணரை இஞ்சுல வையி."

"ட்ராயிங்ல பதினெட்டு, பெரியவரே. எதுக்குப் பதிமூணரை?"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் கதை கேட்க நெருங்கி வந்தது. யாக்கோபு சட்டைப் பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தார். முடிச்சு கறுத்துப்போயிருந்தது.

"எம் பொஞ்சாதி கிளியம்மா காலு சார் இது. தூங்கும்போது அளந்தேன். அவளுக்கோசரம்தான் கட்டுனேன். சொல்லாதன்னா, அதான் இத்தினி நாளா சொல்லல. செத்துட்டா. பூமி கீமி எதுவும் மேல வரல."

இசக்கிபாண்டி கைதட்டினான்.

"நீங்க சொன்னதுலயே இதுதான் தாத்தா டாப்பு. அப்ப ஓ.டி. முடிஞ்சிட்டுன்னு சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. ரகுவும் சிரித்து, அவர் தோளில் தட்டிவிட்டு டேப்பைச் சுருட்டினார். யாக்கோபும் சிரித்தார். கேட்கிறவர்கள் சிரிக்கும்போது சொன்னவன் மட்டும் சிரிக்காமல் நின்றால் நன்றாகவா இருக்கும். கயிற்றை மடித்துப் பையில் வைத்தார். அவர் காப்பாற்றிவந்த ஒரே வாக்கு. அதையும் ஒன்றுக்கும் ஆகாமல் உடைத்தாயிற்று.

மறுவாரம் மண் அள்ளும் இயந்திரம் வந்து, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கல்லையெல்லாம் லாரியில் ஏற்றியது. ஓரத்தில் உடைந்து விழுந்த துண்டு ஒன்றை யாக்கோபு வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். உளி பிடித்துப் பழக்கமில்லாத கை. நாலு நாள் செதுக்கி, இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு, நாலரை அங்குல கனத்துக்குக் கொண்டுவந்தார்.

நிழற்குடை பளபளவென்று நின்றது. கடைசி இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், யாக்கோபு அந்தக் கல்லைத் தரைமேல் வைத்துச் சுற்றிலும் மண் அணைத்துக்கொண்டிருந்தார். இசக்கிபாண்டி குனிந்து பார்த்தான்.

"இது என்ன தாத்தா?"

யாக்கோபு கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பூமி மறுபடியும் மேல வர ஆரம்பிச்சிட்ச்சிப்பா. மொதல்ல இந்த எடத்துலதான் வந்துகீது."

பிறகு துண்டை எடுத்து அந்த இருக்கையில் விரித்தார்.