பாதியில் அறுந்த சொல்

1.

என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. எங்கள் நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு, 'பணியிடத்தில் தகவல் பரிமாற்றம்' என்ற தலைப்பில். எழுத உட்கார்ந்தேன்.

'எந்தத் திட்டமும் வெற்றி பெறத் தெளிவான பேச்சு மிகவும்...'

இந்த வரி இப்படியே கிடக்கட்டும். அதற்கு மேல் பேனா நகராததற்குக் காரணம் அம்சவள்ளி. நான் இன்று உயிரோடு உட்கார்ந்து எழுதுவதற்கும் அவர்தான் காரணம்.

2.

2005. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்டோர் கீப்பர். அம்சவள்ளி திட்ட ஒருங்கிணைப்பாளர். வந்ததும் ஒரு விதி போட்டார்: யார் என்ன வேலை சொன்னாலும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மேஸ்திரி சகாயராஜுக்கு இது பிடிக்கவில்லை.

"நாங்க இன்னா ஸ்கூல் பசங்களா மேடம், பாடம் ஒப்பிக்கிறதுக்கு?"

"எனக்காக செய்ங்கண்ணே. நான் சரியா சொன்னனான்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

[இந்த இடத்தில் சகாயராஜைக் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் முனகிக்கொண்டே ஒப்பித்தார், அவ்வளவுதான்.]

3.

தளம் போட்டால், கான்கிரீட் இறுகும்வரை அடியில் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வைப்பார்கள். சென்ட்ரிங் என்போம். ஒருநாள் காலை ஒரு வீட்டில் அதைப் பிரிப்பதாக இருந்தது. பிரித்த பலகைகளைத் தூக்கச் சித்தாள் மேரிசெல்வியும் எண்ணி வாங்க நானும் அந்தக் கூரைக்கடியில் நின்றிருந்தோம். அம்சவள்ளி ஊரில் இல்லை.

பாண்டிச்சேரியிலிருந்து பொறியாளர் சித்தார்த்தன் போன் செய்தார். "மேஸ்திரி, இன்னைக்கு சென்ட்ரிங் பிரி..."

செல்போன் அணைந்துவிட்டது.*

தமிழில் வினைச்சொல்லின் வால் அறுந்துவிட்டால் உத்தரவும் தடையும் ஒன்றுதான். பிரிங்க. பிரிக்காதீங்க.

"பிரிக்கத்தான் சொல்றாரு. இன்னைக்குத்தான பிரிக்கணும்?" என்றாள் மேரிசெல்வி. சகாயராஜ் சுத்தியலைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"இரு. நான் திருப்பிச் சொல்லலியே."

"மேடம்தான் இங்க இல்லியேண்ணே."

"அதுக்காக? ஒருத்தரும் தொடக்கூடாது. எல்லாரும் வெளிய வாங்க."

உப்புக் குவியல்களுக்கு நடுவே எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து, மெயின் ரோட்டு டெலிபோன் பூத்துக்குப் போனார். "சார், பிரிக்கச் சொன்னதா எனக்குக் கேட்டுச்சு. சரிதானா?"

சித்தார்த்தன் அலறியது பூத்துக்காரருக்கே கேட்டதாம். "ஐயோ, பிரிக்காதீங்க! கான்கிரீட் டெஸ்ட்ல ஃபெயிலு. முட்டு எடுத்தா மொத்தமும் வந்துடும்!"

* சைட்டில் இருந்தது ஒரே செல்போன். அதற்குச் சார்ஜ் போடுவது யார் வேலை என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. (கட்டுரைக்கு உதவும்.)

4.

[முதல் பிரதியில் கூரை விழுகிறது. ஸ்டோர் கீப்பரின் கை மட்டும் இடிபாடுகளுக்கு வெளியே...]

படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த முடிவில் என் மகள் பிறக்கவே இல்லை. அவள் இப்போது பக்கத்து அறையில் யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

நடந்தது வேறு. கீழே ஆள் இல்லாமல் அந்தத் தளத்தை உடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அந்த வீட்டில் இன்றும் ஒரு குடும்பம் இருக்கிறது.

5.

அன்று மதியம் அம்சவள்ளி பஸ்ஸில் வந்து இறங்கினார். வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சகாயராஜ் அருகே வந்தார். அவர் நன்றி சொல்வதாக மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எதிலும் அவர் குரல் இல்லை. அவர் கேட்டது இதைத்தான்:

"சாப்டீங்களா மேடம்?"

"இல்லண்ணே," என்றார் அம்சவள்ளி.

இருவரும் வரப்பில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். வெகுநேரம் பேசினார்கள். அம்சவள்ளி ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சகாயராஜ் தன் மீன் துண்டை அவர் பக்கம் தள்ளினார். காற்றில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதப்போவதில்லை.

நீங்கள் எழுதுங்கள். பார்த்து எழுதுங்கள், அவர்கள் எனக்கு ரொம்ப வேண்டியவர்கள்.