மிதித்தால்தான் எழும் மோட்டார்

அறுபத்தெட்டா, எழுபத்து மூன்றா என்பதில்தான் முதல் சண்டை வந்தது. சைக்கிளின் இரண்டு பெடல்களையும் இணைக்கிற அச்சு ஒரு குழாய்க்குள் ஓடுகிறதே, அந்தக் குழாயின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கள் மகன் கராம் அபுதாபியிலிருந்து போனில் கேட்டிருந்தான். அது தெரிந்தால்தான் மோட்டார் வாங்க முடியுமாம். நான் தையல் டேப்பை வைத்து அளந்தேன். அதைப் பார்த்து வதீஹ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சைக்கிளுக்குப் பாவாடை தைக்கப் போறியா?"

"உன் சைக்கிள் இருக்கிற லட்சணத்துக்குப் பாவாடை ஒண்ணுதான் குறைச்சல்."

வதீஹ் என் கணவன். மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. மின்சாரமே எட்டிப் பார்க்காத வீடுகளுக்கும் மாதம் தவறாமல் போய் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு வருவான். அதற்காகத்தான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மலை சைக்கிளை வாங்கினான். இரும்புச் சட்டம், ஒரு கழுதைக்குட்டி எடை. கடலோரப் பட்டணமான பத்ரூனுக்கு மேலே எங்கள் பக்கத்து மலையில் அந்தச் சைக்கிள் ஏறாத பாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்ரூட் மரத்து ஊற்றுக்கு ஏறுவான். நாலு கிலோமீட்டர், பதினொரு வளைவு. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கி வருவான். அந்தத் தண்ணீரில்தான் நான் காபி போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் போட்டால் ஒரு வாய் வைத்துவிட்டு, "துருப் பிடிச்ச காபி" என்பான். கொழுப்பு.

போன நவம்பரில் வலது கால் பாதம் தரையில் தட்ட ஆரம்பித்தது. செருப்பைக் குறை சொன்னான். பிறகு மூன்றாவது வளைவில் விழுந்தான். பெய்ரூத்துக்குக் கூட்டிப் போனேன். தசையில் ஊசியைக் குத்தி, ஒயரை மாட்டி, நாலு தடவை அலையவிட்ட பிறகு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் என் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. நரம்பு பேசுவதை நிறுத்திவிடும், தசை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும், திருப்ப மருந்து இல்லை. முதலில் கால், பிறகு கை என்று சொல்லி டாக்டர் நிறுத்தினார்.

"பிறகு?" என்று வதீஹ்தான் கேட்டான்.

"பிறகு மூச்சு. எவ்வளவு சீக்கிரம்னு யாராலயும் சொல்ல முடியாது."

டாக்ஸியில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் வதீஹ் சொன்னான்.

"ஊத்துக்கு இன்னும் ஒரே ஒரு தடவை போகணும். கார்ல இல்ல. சைக்கிள்ல."

அப்படித்தான் மோட்டார் பேச்சு வந்தது. பழைய சைக்கிளிலேயே மாட்டிக்கொள்கிற மோட்டார்ப் பெட்டி கிடைக்கிறது என்று கராம் கண்டுபிடித்துச் சொன்னான். எது வாங்குவது என்று கேட்கப் பத்ரூனில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிற ஃபாரிஸை வரச் சொன்னேன். அவன் சரியான அளவுகோலோடு வந்து குழாயை அளந்தான். எழுபத்து மூன்று. நான் சொன்னதுதான்.

"பாத்துக்க," என்றேன் வதீஹிடம்.

"பாவாடை கச்சிதமா இருக்கும்," என்றான்.

ஃபாரிஸ் காபியைக் குடித்துக்கொண்டே விளக்கினான். எங்கள் பக்கம் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்: கராமின் அப்பா அபு கராம், அம்மா நான் உம் கராம். "சக்கரத்துல மாட்டுற மோட்டார் உங்க மலைக்கு ஆகாது, அபு கராம். ரெண்டு வளைவு ஏறும், அப்புறம் சூடாகிப் படுத்துக்கும். பெடல் அச்சுல மாட்டுறதுதான் உங்களுக்கு. உங்க கியரெல்லாம் அதுக்கும் உதவும். அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல கட்டைவிரலால ஒரு சின்ன லீவரைத் தள்ளினாப் போதும், கால் சும்மா கிடந்தாலும் மேல ஏத்திடும். இன்னொண்ணு, நீங்க எவ்வளவு அழுத்துறீங்கன்னு பாத்துக்கிட்டே வரும். நீங்க ஒரு பங்கு குடுத்தா அது மூணு பங்கு குடுக்கும். நீங்க குடுக்கலைன்னா அதுவும் குடுக்காது."

"லீவர்," என்றேன் நான், அவன் வாயை மூடுவதற்குள்.

"அழுத்துறது," என்றான் வதீஹ்.

"உம் கராம் சொல்றதும் நியாயந்தான்..." என்று ஃபாரிஸ் இழுத்தான்.

"மூட்டை மாதிரி உக்காந்து போறதுக்குக் கழுதை போதும். சைக்கிள்னா நான் மிதிக்கணும்."

"இன்னைக்கு மிதிப்பே. நாளைக்கு?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "மத்த எல்லாத்தையும் அதுவே முடிவு பண்ணுது," என்றான், தன் காலைக் காட்டி. "இதை ஒண்ணை நான் முடிவு பண்ணிக்கிறேனே."

காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அது ஜனவரி மாதம். அப்போது அவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாவது.

எங்கள் ஊரில் எது வேண்டுமானாலும் கடையில் போய்த் தேடமாட்டோம். யார் ஊருக்கு வருகிறார்கள் என்று விசாரிப்போம். ரத்த அழுத்த மாத்திரை, போன், கல்யாணச் செருப்பு, கார் விளக்கு எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில்தான் வரும். பெட்டியில் இடம் இல்லை என்று சொல்கிறவர்களோடு ஊரே பேசாது. கராமும் அதே புத்தியில் வதீஹ் கேட்ட மோட்டாரையும் பாட்டரியையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடினான். கூரியரில் அனுப்பியிருக்கலாம், கப்பலில் அனுப்பியிருக்கலாம். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. ஈஸ்டருக்கு அபுதாபியிலிருந்து எதிர் வீட்டு ரீமா வருகிறாள் என்று தெரிந்ததும் நானே அவளுக்குப் போன் பண்ணி, "கண்ணு, உன் துணியைக் குறைச்சுக்கோ, இங்க நான் தர்றேன்" என்றேன்.

ரீமா வந்து இறங்கினாள். மோட்டார் வந்தது. பாட்டரி வரவில்லை. அவ்வளவு பெரிய பாட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாதாம். பெட்டியைத் திறந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்களாம். என் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண் அழுதாள். "பாட்டரியை விடுறீங்களா, ஊருக்குப் போறதை விடுறீங்களான்னு கேட்டாங்க அத்தை. நான் என்ன பண்ணட்டும்?"

அவளைக் கட்டிக்கொண்டு தேற்றினேன். அவள் போனதும் கராமுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எஞ்சினியராம் எஞ்சினியர்! பாட்டரி பறக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" அவன் விமான நிலையத்துக்குப் போய் பாட்டரியை வாங்கி வந்து, ஊரோடு திரும்புகிற ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட ஏற்பாடு செய்தான். இரண்டு மாதம் என்றார்கள். நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மோட்டார் தன் அட்டைப்பெட்டியோடு வரவேற்பறையில் மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. வதீஹ் அதோடு வந்த கையேட்டை மூன்று தடவை படித்தான். மே மாதம் மாடி ஏறுவதை விட்டான், கட்டிலைக் கீழே இறக்கினோம். ஜூனில் இடது காலும் தட்ட ஆரம்பித்தது. ஜூலையில் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தான். "சூடா இருக்கு, அதான்," என்றான். அது ஆறிப்போன காபி. நான் போட்டவளுக்குத் தெரியாதா?

துறைமுகத்தில் யாரையாவது பிடித்து உலுக்கலாம் என்றால், யாரைப் பிடிப்பது? டாக்டரிடம் கத்தலாம் என்றால், அந்த மனுஷன் என்ன செய்வார்? இரவும் பகலும் நாக்கு மட்டும்தான் எனக்கு வேலை செய்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மயிரும் பிடுங்க முடியவில்லை.

ஒருநாள் அவன் தூங்கும்போது சமையலறையில் ஒளிந்துகொண்டு கராமுக்குப் போன் பண்ணினேன். இந்த மோட்டாரிலேயே அந்த லீவரையும் சேர்க்க முடியுமாம், அதற்கு வேறு ஒயர் வேண்டுமாம். "யார் பெட்டியிலயாவது அனுப்புடா. சின்னச் சாமான்தானே," என்றேன். திரும்பிப் பார்த்தால் வதீஹ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படுக்கையிலிருந்து அங்கே வர அவனுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்!

"என் காலுக்கு இப்பவே சாவு மணி அடிச்சிட்டியா?"

"வதீஹ், அப்படியில்ல..."

"அடிக்கிற அன்னைக்கு அடிச்சுக்கோ. இப்ப போனை வை."

வைத்தேன். மறுநாள் கராமிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பா, அவன் தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் யாருடைய சோபாவுக்குள்ளோ சொருகிக்கொண்டு பாட்டரி வந்து சேர்ந்தது. மொட்டைமாடி சோலாரில் குளிர்பெட்டியைக் கழற்றிவிட்டு அதைச் சார்ஜ் போட்டோம். தயிர் கெட்டுப்போனது, போகட்டும். ஃபாரிஸ் வந்து, இருபத்தெட்டு வருஷத் துருவில் இறுகிக் கிடந்த பழைய அச்சைக் கழற்ற ஆரம்பித்தான். திருகுச்சாவியின் முனையில் தண்ணீர்க் குழாயைச் சொருகி, நானும் அவனும் சேர்ந்து தொங்கினோம். வதீஹ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களை விரட்டினான்.

"அந்தப் பக்கம் இல்ல, எதிர்ப்பக்கம்! வலதுபுறத்துக்கு மரை தலைகீழ்!"

"நீ வந்து திருகு," என்றேன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் சிரித்தான்.

மோட்டார் பொருந்தியது. எழுபத்து மூன்று, அச்சு அசல். பாட்டரியைச் சட்டத்தில் பூட்டி, ஃபாரிஸ் சீட்டைக் கீழே இறக்கினான். ஆளுக்கொரு பக்கமாக வதீஹைத் தூக்கி உட்கார வைத்தோம். சைக்கிள் மேல் உட்கார்ந்ததும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய வதீஹ் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

"மிதிங்க, அபு கராம்."

மிதித்தான். சைக்கிள் அசையவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்னத் திரையில் விளக்கு எரிந்தது, பாட்டரி நிரம்பியிருந்தது, மோட்டார் மட்டும் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது, கால் நடுங்கியது, பெடல் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது.

"எங்கியோ ஒயர் சரியா மாட்டல போல," என்றான் ஃபாரிஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். குனிந்து எதையோ தொட்டுவிட்டு, பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை உள்ளங்கையால் இலேசாகத் தட்டினான். மோட்டார் விர்ரென்று எழுந்து சக்கரத்தைச் சுற்றியது. அதைச் செய்திருக்கக் கூடாது என்று அவனுக்கு அப்புறம்தான் புரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவனுடைய ஒரு கையின் தட்டல் அளவுக்குக்கூட வதீஹின் இரண்டு காலிலும் பலம் இல்லை.

ஃபாரிஸ் சக்கரத்தைக் கீழே இறக்கினான். எதிர் வீட்டு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல மெஷின்," என்றான் வதீஹ். "பொய் சொல்லத் தெரியாது அதுக்கு."

அன்று முழுக்க நான் அவனிடம் பேசவில்லை. பேசினால் அந்த ஜனவரி மாதத்து வார்த்தை வெளியே வந்துவிடும் என்று பயம். சனிக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"கையேட்டுல பதினேழாம் பக்கம். ஹேண்டில்பார்ல இருக்கிற கீழ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, மிதிக்காமலே நடக்கிற வேகத்துல போகும். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மலை ஏறுறவங்களுக்காக வச்சது. விரலை எடுத்தா நின்னுடும்."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்லயே."

மறுநாள் பூசைக்குப் பிறகு கிளம்பினோம். ஃபாரிஸ் தன் வண்டியில் ஒரு வளைவு பின்னால் வரலாம், கண்ணில் மட்டும் படக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. வதீஹ் இரண்டு பாதத்தையும் பெடலில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினான். சைக்கிள் மெல்ல ஏற ஆரம்பித்தது. நான் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வழியில் சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கேலி பேச வாயைத் திறந்து, பேசாமல் எழுந்து நின்றார்கள்.

முதல் வளைவு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது வளைவில், அவன் விழுந்த அதே இடத்தில், சைக்கிள் நின்றது. கட்டைவிரல் பட்டனிலிருந்து நழுவியிருந்தது. திரும்ப எடுத்து வைத்தான். பத்தடி போயிருக்கும், மறுபடி நழுவியது. இன்னொரு தடவை வைக்கப் பார்த்தான். விரல் வரவில்லை. எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தது அதுதான் என்று அப்போது தெரிந்தது.

அவன் என்னைக் கூப்பிடவில்லை. கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தான். நான் இடது கையை நீட்டி, அவன் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, என் கட்டைவிரலைப் பட்டனில் வைத்து அழுத்தினேன். சைக்கிள் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும், "ஜனவரியிலயே சொன்னே," என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"லீவர்னு சொன்னே."

"வாயை மூடிக்கிட்டு ஹேண்டில்பாரைப் பிடி."

பிடித்துக்கொண்டான், பிடிக்க முடிந்த அளவுக்கு. இன்னும் எட்டு வளைவு இருந்தது. ஐந்தாவதில் என் விரல் மரத்துப்போனது. அழுகையும் வந்தது, மூச்சும் வாங்கியது. விரலை எடுத்தால் நின்றுவிடும் என்று நான் எடுக்கவில்லை.