மண்ணூர் அரைமணி தூரம்

என் மனைவி கிளியம்மாளுக்கு இடுப்பு மூட்டை மாற்றிய பதினோராம் நாள், அவளுடைய அக்கா தாயாரம்மாள் இறந்துபோனார். அதைக் கிளியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். முப்பது வருஷக் குடும்பத்தில் நானாக எடுத்த முடிவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இதுவும் சேர்ந்துவிட்டது.

கிளி ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சாப்பாடு பரிமாறுகிறவள். சாம்பார் வாளியோடு ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பின் தலை உடைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். ஐந்தாம் நாள் பிள்ளைப்பாக்கம் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னென்னவோ சொன்னார். எனக்குள் தங்கியது இவ்வளவுதான்: கீழே உட்காரக் கூடாது, குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, மூட்டு நழுவினால் மறுபடி ஆபரேஷன். மிச்சமெல்லாம் பேப்பரில் இருக்கிறது என்று நாலு பக்கம் இங்கிலீஷில் கொடுத்தார்கள். எக்ஸ்ரே கவரோடு சேர்த்து அதை பீரோ மேல் வைத்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் நிறைமாதமாக இருக்கிறாள். அதனால் சமைப்பது, குளிப்பாட்டுவது, கமோடு நாற்காலி கழுவுவது எல்லாம் நான்தான். இருபது வருஷம் லேத் மிஷின் முன்னால் நின்றவன் வைத்த ரசம் எப்படி இருக்கும்? கிளி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாய்யா, கம்பெனியில மிஷினுக்கு ஊத்தறத அப்டியே எடுத்துக்கினு வந்துட்டியா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவும் தங்கையும் மட்டும்தான் கிளி பிறந்த வீட்டில். கூடப் பிறந்த ஆண் கிடையாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. புருஷனை இழந்த தாயாரம்மாள், மகன் அறிவுமதியோடு மண்ணூரில் இருந்தார். தினமும் காலை பதினோரு மணிக்குப் போன் வரும். என்னதான் பேசுவார்களோ, ஒரு மணி நேரம் ஓடும். கடைசியாகப் பேசியபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஞாயித்துக்கெழம நாட்டுக்கோழி கொழம்பு வெச்சி எடுத்துக்கினு வரேன்டி. நீயே வந்து கதவத் தொறக்கணும், ஆமா." கிளி தலையை ஆட்டினாள், போனில் அது தெரியுமா என்ன!

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அறிவுமதி என் போனில் கூப்பிட்டான். "சித்தப்பா, அம்மா போய்ட்டாங்க. வாசல் பெருக்கிக்கினு இருந்தாங்க. மார வலிக்குதுன்னு அப்டியே உக்காந்தாங்க. அவ்ளோதான்."

உள்ளேயிருந்து கிளி, "யாரு போன்ல?" என்றாள்.

"கம்பெனியில சூப்பர்வைசர். லீவு எப்ப முடியுதுன்னு கேக்கறான்."

வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பொய். யோசித்ததெல்லாம் அப்புறம்தான். என் மாமியார் இறந்த அன்று கிளி மண்ணில் புரண்டு அழுததைப் பார்த்தவன் நான். மூன்று பேர் சேர்ந்தும் பிடிக்க முடியவில்லை. அக்காவை அந்தக் கோலத்தில் பார்த்தால் தரையில் விழமாட்டாளா? பெண்கள் எல்லாம் கட்டிக்கொண்டு அவளைக் கீழே இழுக்கமாட்டார்களா? மூட்டு நழுவிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் அழுவதை ஒருத்தனாக நின்று தாங்க எனக்குத் தைரியமில்லை. ஆஸ்பத்திரி நம்பர் என் போனில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பதினோரு மணிப் போன் வராது என்பது ஞாபகம் வந்ததும் அவள் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "சார்ஜ் ஏறல. சுங்குவார்சத்திரத்துல ரிப்பேருக்குக் குடுத்துட்டு, மாத்திரையும் வாங்கினு வரேன்" என்றேன். பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வாய் திறக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டு, கிளியோடு உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். மண்ணூர் அரைமணி தூரம்.

அங்கே போனதும் ஒரு கிழவி முதலில் கேட்டது, "பொறந்த வூட்டுக் கோடி எங்கப்பா?" என்றுதான். ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். தாயாரம்மாளுக்குப் பிறந்த வீடு என்று பாக்கி இருந்தது என் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தவள் ஒருத்திதான். திரும்ப ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடி, கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட புடவையை வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டிமேல் போர்த்தினேன்.

"சித்தி எப்டிகீது?" என்றான் அறிவுமதி.

"அழுதுகினே கீறாடா. வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சித்திதான் சொல்லி அனுப்பிச்சா, கோடி எடுத்துக்கினு போன்னு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அழும்போதே மணி என்ன என்று பார்த்தேன். மருந்துக் கடைக்குப் போனவன் எத்தனை நேரம் போவான்? தூக்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ராஜம்மா வீட்டுக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

"இன்னா, தல ஈரமாகீது?"

"வெயிலு."

அவள் போன் ரிப்பேரிலேயே இருந்தது; அக்காவிடம் பேச என் போனைக் கேட்டபோது ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். வெள்ளியும் சனியும் அவள் பட்ட பாட்டை நான் என்னவென்று சொல்ல. கட்டிலிலிருந்து வாசல் கதவு வரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரை முன்னால் வைப்பாள், ஆபரேஷன் செய்த காலை வைப்பாள், அப்புறம் நல்ல காலை இழுப்பாள். பாதியில் வியர்த்துக் கொட்டும். "போதும், படு" என்றால் கேட்கவில்லை. "நானே கதவத் தொறந்தா அக்கா மூஞ்சி எப்டிப் போவும் பாரேன்" என்றாள். நான் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு போனேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக அந்த இரண்டு நாளும் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அக்காவுக்கு வைரல் ஃபீவர், அடுத்த வாரம் வருவார் என்று. அதைச் சொல்ல அடுப்படியிலிருந்து வருவதற்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, நீ நில்லு" என்று கிளி எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. அத்தனை வேகமாக அவள் நடந்ததேயில்லை. கதவை அவளே திறந்தாள்.

அறிவுமதி நின்றுகொண்டிருந்தான். தலை மொட்டை. மீசையும் இல்லை.

சித்திக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொன்னதை நம்பி, அவளைத் தேற்ற வந்திருக்கிறான் பிள்ளை. அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய் என்று வைத்த எனக்கு, இரண்டும் ஒருநாள் ஒரே வாசலில் வந்து நிற்கும் என்று தோன்றாமல் போயிற்று. "சித்தி" என்று அவள் தோளில் சாய்ந்தான். "கோடி போட்டப்புறம்தான் சித்தி எடுத்தோம். நீ அனுப்பிச்சியே, அது போதும் சித்தி."

கிளி அவன் மொட்டைத் தலையைத் தடவினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பயந்த மாதிரி அவள் தரையில் விழவில்லை. மண்ணில் புரளவில்லை. வாக்கரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்று, "அக்கா, அக்கா" என்று அழுதாள். கால் நடுங்கியபோது நானும் அவனும் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தோம்.

அவன் போன பிறகு, "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "டாக்டருக்குப் போன் போட்டேன் கிளி. போவவே கூடாதுன்னுட்டாரு. போவ முடியாதவகிட்ட சொல்லி இன்னா பண்றதுன்னு..." என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "டாக்டரே சொன்னப்புறம் நீ இன்னா பண்ணுவ. மனசுல வெச்சிக்கினு நாலு நாளா நீயும்தான் செத்திருப்ப" என்றாள். அன்று இரவு நான் பிசைந்து கொடுத்ததைச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை மாலை பிசியோதெரபிப் பெண் சுகப்பிரியா வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து காலை மடக்கி நீட்டிவிடுவாள். விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கினாள். கிளி அவளிடம், "பதினாறாம் நாள் காரியத்துக்காவது நான் மண்ணூர் போவலாமாம்மா? அதுக்குள்ள டாக்டர் வுடுவாரா?" என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்தேன். அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"தாராளமாப் போலாம்மா" என்றாள் சுகப்பிரியா. "கார்ல முன் சீட்டப் பின்னால தள்ளி, ஒரு தலையணையப் போட்டு உக்காந்துக்கிடுங்க. அங்க போயும் உயரமான சேர்லதான் உக்காரணும், கீழ உக்காராதீய. அவ்வளவுதான்."

"போன வியாழக்கெழம போயிருந்தா?"

"போயிருக்கலாமேம்மா. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு எதுல வந்தீய? கார்லதான வந்தீய? அந்தப் பேப்பர்லயே எல்லாம் போட்டிருக்குமே. டாக்டர்கிட்ட கேட்டிருந்தா அவரே வழி சொல்லியிருப்பாரு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிளியின் காலைப் பிடித்து, பத்துவரை எண்ணச் சொன்னாள். கிளி எண்ணினாள். ஒன்பதுக்குப் பிறகு நிறுத்திவிட்டாள். வலிக்குதா என்று சுகப்பிரியா கேட்டதற்கு ஆமாம் என்றாள்.

ஸ்கூட்டி கிளம்பிப் போன பிறகு அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீ போய்ப் பாத்தியே. அக்கா மொகம் எப்டி இருந்துச்சி?"

"தூங்கற மாதிரிதான் இருந்தாங்க, கிளி."

"அத எல்லாரும்தான் சொல்வாங்க. மூக்குத்தி போட்டிருந்தாங்களா, கயட்டிட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியில் பனி படர்ந்திருந்தது. மாலை கழுத்துவரை கிடந்தது. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல" என்றேன்.

"வாய் மூடியிருந்துச்சா?"

"தெரியல கிளி."

"கோடி இன்னா கலரு?"

அதை வாங்கியவன் நான். அதுவும் எனக்கு நினைவில்லை.

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கப் போனேன். முகத்தை விலக்கிக்கொண்டாள். கழுத்தைத் திருப்பினாலும் உடம்பு மல்லாந்தே கிடந்தது. தானாகப் புரண்டு படுக்க அவளுக்கு இன்னும் அனுமதி கிடையாது.

"செவுத்துப் பக்கம் என்னத் திருப்பி வுடு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி, இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணைகளை வைத்தேன். தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து, மூட்டு நழுவாமல், கொஞ்சம் கொஞ்சமாக அவளை எனக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்தேன்.