வெறும் வயிற்று நாடி

உறைபனி இறங்கும் பருவம் பிறந்த மூன்றாம் நாள், காலை பத்தரை மணிக்கு, ஜின்செங் டப்பாவில் நான்கு துண்டுகள் மட்டும் கிடந்தன.

வைத்தியர் ஃபாங் தெஷெங் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். கோடை தொடங்கும்போது நிரப்பியது. கோடையில் அவர் யாருக்கும் ஜின்செங் எழுதுவதில்லை. தளர்ந்த நாடியைத் தூக்கி நிறுத்தும் வேர்தான், ஆனால் உடம்புக்குச் சூடு.

எதிரே இறைச்சிக்கடை பெய் நாக்கை நீட்டியபடி காத்திருந்தார்.

“உள்ள போட்டுக்கலாமா? ஈ வந்து உக்காந்துடும் போல.”

“போட்டுக்க. காலைல நாக்கைத் தேச்சியா?”

“வைத்தியர் வீட்டுக்குப் போறேன்னு பொண்டாட்டிதான் தேய்க்கச் சொன்னா. ஒரு மரியாதைக்கு.”

“மரியாதை பல்லோட நிக்கட்டும். நாக்கைத் தேச்சுட்டு வந்தா நான் எதைப் பாக்குறது? நாளைக்கு வெறும் வயித்துல வா. டீ குடிக்காத. படி ஏறாத. முழிச்சதும் நூறு எண்ணுற வரைக்கும் படுக்கையிலயே கெட. இன்னிக்குத் தெம்பு எவ்வளவுன்னு உடம்பைக் கேளு.”

“தினமும் கேக்குறேனே. இன்னும் கொஞ்சம் தூங்குடாங்குது.”

மருந்து அலமாரிப் பக்கம் சூயுன் சிரித்தாள். வைத்தியரின் மனைவி. முப்பத்தொரு வருடமாக அவர் எழுதும் சீட்டுக்கு மருந்து நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவள். சிரித்தவள் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெய் போனதும் அவர் கேட்டார்.

“ஜின்செங் என்னாச்சு?”

“பூச்சி வெச்சிடுச்சு. கொட்டிட்டேன்.”

சூயுன் எதையும் கொட்டுகிறவள் இல்லை. காய்ந்த ஆரஞ்சுத் தோலில் பூச்சி கண்டால்கூட வெயிலில் உதறி எடுத்துவைப்பாள். மிஞ்சிய நான்கு துண்டிலும் ஓர் ஓட்டை இல்லை.

மதியம் அரிசிச் சேமியா. அவர் கிண்ணத்தில் மிளகாய் மிதந்தது. அவள் தன் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். இப்படி எத்தனை நாளாகக் கிளறுகிறாள் என்று யோசித்தார். தெரியவில்லை.

சாப்பிட்டதும் அவள் போய்ப் படுத்தாள். அவர் மருந்தறையில் தனியாக உட்கார்ந்தார்.

கல்யாணமான மறுவாரம் தொடங்கிய பழக்கம். காலை ஐந்து மணிக்கு, இருவர் வாயிலும் எதுவும் படுமுன், அவள் மணிக்கட்டை நீட்டுவாள். அவர் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நாக்கு. பிறகு “நல்லா இருக்கு” என்பார். அவள் அடுப்பு பற்றவைக்கப் போவாள். நோய் தன் வீட்டுப் படியேறுவதற்கு முன்பே தனக்குத் தெரிந்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கோடையில் அவள் நாடி முன்னைவிட வலுத்தது. நாக்கும் நல்ல சிவப்பு. “இருபது வயசுப் பொண்ணு தோத்துடுவா” என்றார். அந்த மகிழ்ச்சியில் மூலிகை காயவைக்கும் தட்டுகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போகும் வேலையையும் அவளிடமே விட்டார். இருபத்திரண்டு தட்டு. காலையில் ஏற்ற வேண்டும், மாலையில் இறக்க வேண்டும். அவருக்கு முழங்கால் வலி.

கோடையிலிருந்துதான் அவள் நாலு மணிக்கே எழத் தொடங்கினாள். ஆற்றங்கரையில் உடற்பயிற்சி செய்யப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பின்கட்டுக்குப் போனார். விறகுக்குப் பின்னால் கைக்கடக்கமான மண்குடுவை. முகர்ந்தார். ஜின்செங். பக்கத்தில் ஒரு தாள்பையில் சிவந்த புளிப்புப் பழ வில்லைகள். வாயில் ஒதுக்கினால் நாக்கெல்லாம் சிவக்கும். அதைச் சப்பிவிட்டு வரும் குழந்தைகளை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

மணி மூன்று. படுக்கையறைக் கதவைத் திறந்தார். அவள் தூங்கவில்லை.

“கையைக் குடு.”

“இப்பவா? வயித்துல சாப்பாடு இருக்கு. நீங்க போட்ட சட்டந்தான வைத்தியரே, மறந்துபோச்சா?”

“குடு, சூயுன்.”

அவள் கையை நீட்டினாள்.

அவர் விரல்களை வைத்தார். மேலாகத் தொட்டபோது நாடி இருந்தது. அழுத்தினார். வெங்காயத்தாளை அழுத்தியதுபோல உள்ளே ஒன்றுமில்லை. விரலை நகர்த்தினார். மறுபடி அழுத்தினார். இடது கையின் நடு இடம், கல்லீரலுக்குரியது. அங்கே விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

“நாக்கு.”

நீட்டினாள். சிவப்பு இல்லை. ஓரங்களில் அடிபட்ட தோலின் நீலம்.

“எப்பத்திலேர்ந்து?”

“ஆனி மாசம் நான்சாங்ல அக்கா வீட்டுக்குப் போனேன்ல. வலது விலாவுக்குக் கீழ ஒரு வலி. அக்காதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. படம் எடுத்தாங்க. டாக்டர் என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு அக்காவை மட்டும் உள்ள கூப்பிட்டாரு.”

“அக்கா சொன்னாளா?”

“சொல்லுவாளா? ஒண்ணுமில்ல, வாயுன்னா. சொல்லிட்டு நேரா சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி, சீக்காளிக்குத் தெம்புக்குக் குடுக்குற மாதிரி எனக்கு ஆமை வாங்கினா. முழு ஆமை. கீரைக்கட்டுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுறவ, அன்னிக்கு வெலையே கேக்கல. அங்கேயே புரிஞ்சுபோச்சு எனக்கு.” சூயுன் சிரித்தாள். “பாவம், அது வேகவே இல்ல. ரெண்டு பேரும் ருசியா இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னோம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க விடமாட்டீங்க. விடிஞ்சா ஒரு கஷாயம், பொழுது சாஞ்சா ஒரு கஷாயம். என்னைப் பாக்கும்போதெல்லாம் நோயைத்தான் பாப்பீங்க.”

“தட்டு தூக்கச் சொன்னேனே உன்னை. நாலு மாசம்.”

“தூக்கினேன். பாதிப் படியில உக்காந்து உக்காந்து தூக்கினேன்.”

“முடியலன்னு ஒரு வார்த்தை...”

“இருபது வயசுப் பொண்ணுன்னு சொன்னீங்க. அதைச் சொன்ன அன்னிக்கு உங்க மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். நாளைக்கும் அதப் பாக்கணும்னு தோணிச்சு. அதுக்கடுத்த நாளும் தோணிச்சு. நாலு துண்டு போட்டது அஞ்சு துண்டாச்சு, எட்டாச்சு. இப்ப பத்து போட்டாலும் ஒரு மணி நேரந்தான் நிக்குது.”

அவர் எழுந்து மருந்தறைக்குப் போனார். தாளும் பேனாவும் எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மேலே அவள் பெயரை எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சீட்டில்கூட அந்தப் பெயரை அவர் எழுதியதில்லை. வயது ஐம்பத்தாறு என்று எழுதினார். முதல் மருந்தின் பெயரை எழுதி அடித்தார். இன்னொன்றை எழுதினார். எடை போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. எந்த எடை எழுதினாலும் அந்த உடம்பு தாங்காது. காலையில் எதிரே வந்து உட்காரும் வேறு யாருக்கும் அவர் இதைத் தயங்காமல் சொல்லியிருப்பார்.

அவள் தாளை உருவித் தலையணைக்கடியில் வைத்தாள்.

“விடுங்க. இதுக்கும் நாந்தான எடை போட்டுப் பொட்டலம் கட்டணும்? எனக்குக் கை நடுங்குது.”

அவர் அழுதார். சத்தம் வரவில்லை. அவள் அவர் முழங்காலில் கைவைத்தாள். வெளியே யாரோ மருந்துக்கு வந்து வைத்தியரே, வைத்தியரே என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள்.

அவர் தலையசைத்தார்.

“ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் விளக்கமா சொல்லுவீங்க. இவனுக்கு நாடி முத்து உருளுற மாதிரி இருக்கு, இவளுக்குத் தண்ணில கட்டை மிதக்கிற மாதிரி இருக்குன்னு. அலமாரிப் பக்கம் நின்னு அத்தனையும் கேட்டிருக்கேன். எனக்கு மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல. நான் நெசமாவே நல்லா இருந்தேன்ல, அப்போ... அப்போ என் நாடி எப்படி இருந்துச்சு?”