நாரையின் கால்

கண்காட்சியின் கடைசி நாள் அன்று. மறுநாள் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து உரியவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கோடை முழுவதும் தள்ளிப்போட்ட ரோவன் அன்றுதான் வந்தான்.

கண்காட்சி முழுக்க ஆம்புரோஸ் தர்ல்பியின் வேலைகள். விக்டோரியா மகாராணி காலத்து ஓவியர். அவர் கை வைக்காத பொருள் இல்லை. எண்ணெய் ஓவியம், தேவாலயச் சன்னலின் வண்ணக் கண்ணாடி, திரைச்சீலை, புத்தக அட்டை, பியானோவின் மூடி. ரோவனுக்கு முன்னால் ஒரு தம்பதி நடந்தார்கள்.

"இந்த மனுஷன் தூங்கவே மாட்டானா?" என்றார் கணவர்.

"வீட்டு வேலைய பொண்டாட்டி பாத்திருப்பா. நீங்க ஒரு அலமாரிய மாட்டவே நாலு மாசம் ஆச்சு."

ரோவன் அவர்களைக் கடந்து கடைசி அறைக்குப் போனான். குளிர்காயும் கணப்பைச் சுற்றிப் பதிப்பதற்காக தர்ல்பி தீட்டிய பீங்கான் ஓடுகள் அங்கே இருந்தன. நாணற்காட்டில் ஒரு நீல நாரை. கண்காட்சிக்கு வந்து சேரும்போதே அதன் ஒரு கால் உடைந்திருந்தது. சுண்ணம் நிரப்பி, மேலே வண்ணம் தீட்டி, அதை நிற்க வைத்தவள் அவன் மனைவி ஃப்ரேயா. அதுதான் அவள் செய்த கடைசி வேலை. அடுத்த வாரம் தலைவலி என்று படுத்தவள் எழவில்லை.

பழைய கலைப்பொருள்களைச் செப்பனிடும் அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒட்டுப்போட்ட இடம் ஆறடி தள்ளி நின்றால் தெரியக்கூடாது, ஆறு அங்குலத்தில் தெரிந்தாக வேண்டும். "அதோட, ஈரம் பட்டா போயிடணும்," என்பாள் ஃப்ரேயா. "நாளைக்கு என்னவிட நல்லா செய்யிறவ வந்தா, நான் செஞ்சத சுலபமா அழிக்கணும்ல?"

தடுப்புக் கயிறு ஆறடி தள்ளிக் கட்டியிருந்தது. எந்தக் கால் அவளுடையது என்று அங்கிருந்து தெரியவில்லை. ரோவன் கயிற்றின் மேல் சாய்ந்தான்.

"பின்னால வாங்க தம்பி." நாற்காலியில் இருந்த காவல்காரப் பெண் எழுந்தார். சட்டையில் பெரில் என்று பெயர்.

"அதுல ஒரு கால் என் மனைவி செஞ்சது. ஃப்ரேயா."

பெரிலின் முகம் மாறியது. "மோவாயில பெயின்ட்டோட டீ குடிக்க வருமே, அந்தப் புள்ளையா? ஐயோ, தம்பி." அறையைச் சுற்றிப் பார்த்தார். "நான் அந்த வாசல் வரைக்கும் போயிட்டு வரேன். கிட்டப் போய்ப் பாருங்க. கை மட்டும் வைக்காதீங்க. என் வேலை போயிடும்."

ரோவன் கயிற்றைத் தாண்டினான். மூக்கு ஓட்டில் படும் அளவுக்குக் குனிந்தான். எதுவும் தெரியவில்லை. இவ்வளவு நன்றாகவா செய்து தொலைத்தாள்? நாணல், தண்ணீர், சிறகு என்று தேடினான். வாசலில் பெரில் இருமினார்.

பிறகு கண்ணில் பட்டது. இடது கால், முழங்காலுக்குக் கீழே. அங்கே மட்டும் நீலம் பளபளக்கவில்லை. மெல்லிய கீற்றுகள், ஒவ்வொன்றும் அவள் கை இழுத்தது. நடுவில் தூரிகை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் அவள் மோவாயில் பெயின்ட்டோடு வீட்டுக்கு வருவாள். அவன் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்துவிடுவான். அவன் யோசிக்கவில்லை. விரல் தானாக நாக்குக்குப் போனது, தானாகக் காலுக்குப் போனது.

முடி வந்தது. நீலமும் வந்தது. நாரையின் காலில் வெள்ளைச் சுண்ணம் தெரிந்தது.

"தம்பி!" பெரில் ஓடி வந்தார். பார்த்தார். அவன் தோளைப் பிடித்து மெதுவாகக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்தார்.

"நான் தொடைச்சிட்டேன்," என்றான் ரோவன். "அவ கை அதுல இருந்துச்சு. நான் தொடைச்சிட்டேன்."

"அழாதீங்க. மாடியில புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, கெட்டிக்காரி. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடும். யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"வேண்டாம்னு சொல்லுங்க. அப்பிடியே விட்டுடச் சொல்லுங்க."

"அது எப்பிடிப்பா விட முடியும்? நம்ம பொருளா?" வாக்கி-டாக்கியில் மாடிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க. பேர் கேப்பாங்க."

அவன் கழுவப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் பயந்து, நீலக் கட்டைவிரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். உயரமான சன்னலில் மழை அடித்தது. மாடிப்படியில் யாரோ இறங்கிவரும் சத்தம் கேட்டது.