சிவப்பு பிரைமரில் எழுதிய வரிசை

நான்காவது நாளாக மகேஸ்வரி கார்க் கதவில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. எதிர்ச் சுவரில், புருஷன் காளியப்பன் சொல்லச் சொல்ல அவளே சிவப்பு பிரைமரில் எழுதிய வேலை வரிசை: பெட்ரோல் டேங்க்கை இறக்குவது. தரைத்தகடு வெல்டிங். உப்புத்தாள். பெயிண்ட். சீட்.

முதல் இரண்டும் நடக்கவில்லை. விஜயநகரின் அந்த ஷெட்டுக்கும் ஐம்பத்தாறாம் வருஷத்துக் காருக்கும் சொந்தக்காரரான ஹரிப்ரசாத், பெயிண்டை முன்னே இழுத்துவிட்டார்.

“பழைய கார் ஊர்வலக் கமிட்டிக்கு போட்டோ அனுப்பணும்ப்பா. தரை யார் கண்ணுக்குத் தெரியப்போறது?”

வியாழக்கிழமை கார் பாலாடை நிறத்தில் பளபளத்தது. அதன்பிறகுதான் தரையை வெல்டிங் செய்யச் சொன்னார்.

“டேங்க்க இறக்கிட்டுச் செய்யறனுங்க சார்,” என்றான் காளியப்பன்.

“இறக்கினா புதுப் பெயிண்ட் கீறிடும். பெட்ரோலை வடிச்சாச்சே, காலி டேங்க்தானே?”

“காலி டேங்க்குதானுங்க மோசம். உள்ள ஆவி நிக்குது. பொறி ஒண்ணு பட்டாப் போதும்.”

“எனக்கே பாடமா? ஞாயித்துக்கிழமை வண்டி ரோட்ல ஓடணும். முடியலேன்னா சொல்லு, பன்னிமண்டபத்து ஒர்க்ஷாப்புல வேற ஆளா இல்லை?”

அவர் போனதும், “நாம போயிரலாம் மாமா,” என்றாள் மகேஸ்வரி.

“எங்க போறது? நம்மூரு மார்டள்ளியில மறுபடி மழைக்கு வானத்தப் பாத்துட்டு ஒக்காரச் சொல்றியா?” அவன் ஈரச் சாக்கை மடித்து டேங்க்கின்மேல் போர்த்தினான். “நீ வெளிய போயி நில்லு புள்ள.”

அவள் வாசல்படியைத் தாண்டியிருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஷெட்டே பிளந்ததுபோல் வெடித்தது.

மறுநாள் காலை, இரண்டு கைக்கும் கட்டுப்போட்டுக் கிடந்த புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவள் ஷெட்டுக்கு வந்தாள். காரின் பின்பாதி கரிந்து கிடந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார்.

“முதல்ல டேங்க்கை இறக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவன் கேக்கலை,” என்று ஹரிப்ரசாத் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சுள்ளு! பொய்யி!” இரண்டு பாஷையும் ஒன்றாக வந்தது மகேஸ்வரிக்கு. “அந்தச் சுவத்தப் பாருங்க சார். மொதல் வேலை என்னன்னு என் கையால எழுதி வெச்சிருக்கேன்!”

போலீஸ்காரர் திரும்பினார். புகையேறிக் கறுத்த சுவரின் நடுவே, அந்த இடம் மட்டும் ஒரு கதவளவுக்குப் பாலாடை நிறத்தில் பளபளத்தது.

அவள் ஓடிப்போய் அதில் கைவைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. கையை எடுத்தபோது ஐந்து விரலும் சுவரில் பதிந்திருந்தன. ஒன்றிலும் ரேகை இல்லை.