மடித்துத் தைத்த விரல்கள்

ஜுவைரியாவின் எம்.ஏ. தேர்வுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவளுடைய படைப்பை நான் சரிசெய்துவிட்டேன். காட்சி மேசையில் பழைய தோல் கையுறை ஒன்று இருந்தது. அதில் இரண்டு விரல்கள் உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. தையல் பிசகு என்று நினைத்து, பிளேடால் பிரித்து, நேராக நீவி வைத்தேன். ஆறு வருடத் தத்துவ ஆராய்ச்சியில் என் கையால் நடந்த முதல் வேலை அதுதான்.

எங்கள் கூட்டு வகுப்பில் கலை மாணவர் ஒரு படைப்பைச் செய்வார். தத்துவ மாணவர் அதற்கு விளக்கம் எழுதுவார். ஜுவைரியாவின் பொருளைப் பார்க்காமலே பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

ஜுவைரியா வந்து பார்த்தாள். கையுறையை எடுத்துத் திருப்பினாள்.

"அரே, யாருண்ணே இதப் பிரிச்சது?"

"நான்தான். தையல் தப்பா இருந்துச்சு."

அவள் பையைக் கொட்டி ஊசி தேடினாள். கிடைக்கவில்லை. தேர்வாளர்கள் படியேறும் சத்தம் கேட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"அந்த மடிப்பு இன்மையைக் குறிக்குதா? இல்ல, முழுமைய மறுக்குதா?"

"பதினெட்டுப் பக்கத்துல அது இல்லையாக்கும்?"

"இல்லம்மா. நெஜமாவே கேக்கேன். அது என்ன?"

அவள் கையுறையின் அந்த இரண்டு விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்தாள். அவை மடிந்து நிற்கவில்லை.

"எங்க வாப்பாவோட கிளவுஸ். தோல் வெட்டுற மெஷின்ல அவங்களுக்கு ரெண்டு வெரலு போயிட்டு. வெறும் வெரலு தொங்கி மறுபடியும் மாட்டிரக் கூடாதுன்னு உம்மா மடிச்சுத் தச்சது. நாளைக்கு இதப் போட்டுட்டுத்தாண்ணே அவங்க வேலைக்குப் போவணும்."